நுனாவுற் நிலத்தில் விசேட கல்வி உதவியாளர்: வாய்ப்பும் வரம்பும்

உத்தியோக வாய்ப்பு என்னுஞ் சொற்றொடரை நாம் பெரும்பாலும் வெற்றிடங்களின் எண்ணிக்கை என்ற பொருளிலேயே வழங்கி வருகின்றோம். எத்தனை இடம் உண்டு, எத்தனை பேர் கேட்கின்றனர் என்று கணக்கிட்டு, இடம் மிக்கிருப்பின் வாய்ப்பு நன்று என்றும், குறைந்திருப்பின் தீது என்றுங் கூறிவிடுகின்றோம். இவ்வளவையை எல்லாத் தொழிலுக்கும் பொதுவாகக் கொள்ளலாமா என்பது ஆராயற்பாலது. வேலை எளிதிற் கிடைத்தும், பெற்றவர் பத்தாண்டு கழிந்த பின்னும் புகுந்த படியிலேயே நிற்க நேருமாயின், அதனை நல்வாய்ப்பென்று சொல்வது எங்ஙனம்? இவ்வினாவை ஆராய்தற்குத் தக்கதோர் உதாரணம், கனடா தேசத்தின் வடகோடியிலுள்ள நுனாவுற் என்னும் ஆள்புலத்திற் காணப்படுகின்றது. அங்குள்ள பாடசாலைகளில் விசேட தேவையுடைய பிள்ளைகளுக்குத் துணைநிற்கும் உதவியாளரின் தொழிலையே ஈண்டுக் குறிப்பிடுகின்றோம்.

இந்நாட்டுக் கல்லூரிகளின் பழைய மாணவர் பலர் இன்று கனடாவில் வாழ்கின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் ரொறன்ரோ, மொன்றியல் முதலாய தென்பகுதி நகரங்களிற் குடியேறியவராதலின், கனடா என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவன அந்நகரங்களே. அவற்றுக்கு ஈராயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால், மரமும் வளராத பனி நிலத்திலே, வேறொரு கனடா இருக்கின்றது. அதனை முதலிற் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம்.

நுனாவுற் என்பதற்கு இனுயிற் மக்களின் மொழியில் 'நமது நிலம்' என்பது பொருள். முன்னைய பாடநூல்கள் எஸ்கிமோவர் என்று குறித்த மக்களே இனுயிற். அம்முன்னைப் பெயரை அவர்கள் விரும்பாமையால் அது வழக்கொழிந்து வருகின்றது. 1993-ஆம் ஆண்டிலே கைச்சாத்தான நில உடன்படிக்கையின் பயனாக, வடமேற்கு ஆள்புலத்தின் கீழ்ப்பாகம் பிரிக்கப்பட்டு, 1999-ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 1-ந் திகதி நுனாவுற் தனி ஆள்புலமாயிற்று. அதன் பரப்பு ஏறக்குறைய 20 இலட்சம் சதுர கிலோமீற்றர். அஃதாவது இலங்கையைப்போல முப்பது மடங்கு. அத்துணைப் பெரிய நிலத்தில் 2021-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி வாழ்வோர் 36,858 பேர் மாத்திரமே. அவருள் நூற்றுக்கு 85 பேரளவில் இனுயிற் மக்கள். இவர்கள் 25 குடியிருப்புக்களிற் சிதறி வாழ்கின்றனர். ஒரு குடியிருப்பிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல வீதி கிடையாது. ஆண்டு முழுவதும் விமானமே வழி. கோடையிற் கடற்பனி உருகும் சில மாதங்களில் மட்டும் கப்பல்கள் பொருள்களைக் கொணரும். தலைநகராகிய இக்கலுயிற்றில் 7,429 பேர் இருக்க, வடகோடிக் குடியிருப்பாகிய கிறைஸ் பியோட்டில் 144 பேரே அவ்வாண்டில் எண்ணப்பட்டனர்.

இத்தகைய இடத்திலே தொழில் வாய்ப்பைப் புள்ளிவிவரத்தால் அளத்தல் எளிதன்று. கனடாவின் கூட்டரசாங்கம் 'வேலை வங்கி' என்னும் பெயரால் ஒவ்வொரு தொழிலுக்கும், ஒவ்வொரு பிரதேசத்துக்கும் எதிர்கால வாய்ப்பை மதிப்பிட்டு வெளியிடுகின்றது. பாடசாலை ஆசிரிய உதவியாளர் அனைவரும் தேசியத் தொழில் வகுப்பீட்டிலே 43100 என்னும் இலக்கத்தின்கீழ் அடக்கப்பட்டுள்ளனர். விசேட கல்வி உதவியாளரும் அவருள் ஒரு பகுதியினரே. ஆனால் சனத்தொகை சிறுத்த ஆள்புலங்களில், பல தொழில்களுக்கு நேரே 'தீர்மானிக்கப்படவில்லை' என்னும் குறிப்பே காணப்படும். சில பத்துப் பேர் செய்யும் தொழிலில் இருவர் விலகினும் நூற்று வீதம் தலைகீழாய் மாறிவிடுமன்றோ? ஆகவே அட்டவணையை ஒருபுறம் வைத்து, தொழிலின் இயல்பையும் அதனைச் சூழ்ந்த காரணங்களையும் நோக்குவதே தக்கது.

2008-ஆம் ஆண்டில் நுனாவுற் சட்டசபை நிறைவேற்றிய கல்விச் சட்டம், எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பறையில் வைத்துக் கற்பிக்கும் உட்படுத்தற் கல்விக் கொள்கையைத் தழுவியது. பார்வையோ செவிப்புலனோ குன்றியவர், உடலியக்கத்தில் இடர்ப்படுபவர், கற்றலிற் பின்தங்கியவர், மனக்கொந்தளிப்பு மிக்கவர் ஆகிய யாவரும் தத்தம் ஊர்ப் பாடசாலையிலேயே ஒத்த வயதினரோடு பயில வேண்டும் என்பது அதன் கருத்து. கொள்கை உயர்ந்ததே. இருபத்தைந்து பிள்ளைகளைக் கொண்ட வகுப்பிலே ஓராசிரியர் இதனைத் தனித்து நிறைவேற்றல் இயலாது. ஆகலின் 'மாணவர் துணை உதவியாளர்' என்னும் பதவி இன்றியமையாததாயிற்று.

அவ்வுதவியாளர் செய்யும் பணி யாதென வினவின், அது வரையறுத்துக் கூறற்கரியது. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையின் பனிக்கால மேலாடையைக் கழற்றி உட்கார வைத்தல், உணவூட்டல், மலசலகூடத்துக்கு அழைத்துச் செல்லல் முதலிய உடற்பணிகள் ஒருபுறம். ஆசிரியர் கூறியதைப் பிள்ளைக்கு விளங்கும் சிறு சிறு பகுதிகளாக மீண்டும் எடுத்துரைத்தல், தனியாள் துணைத் திட்டத்திற் குறித்த பயிற்சிகளை நாடோறும் செய்வித்தல், முன்னேற்றத்தைக் குறித்து வைத்தல் ஆகியன மற்றொருபுறம். கலங்கிக் கூச்சலிடும் பிள்ளையை அமைதியான இடத்துக்கு அழைத்துச் சென்று ஆற்றுதலும் அவர் கடமையே. பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், தொழிற்பாட்டு மருத்துவர் ஆகியோர் பெரும்பாலான குடியிருப்புக்களில் நிலையாக வாழ்வதில்லை; விமானத்தில் வந்து சில நாள் தங்கிப் பார்வையிட்டுச் செல்வர், அல்லது திரைவழியே உரையாடுவர். அவர்கள் ஒரு கிழமையிற் கூறிச் சென்றதை எஞ்சிய மாதங்களெல்லாம் நடைமுறைப்படுத்துபவர் இவ்வுதவியாளரே.

தேவை மிகுதியாதற்குக் காரணங்கள் பல. மக்கட்டொகையில் மூன்றிலொரு பங்கினர் அளவில் 15 வயதுக்குக் குறைந்தவர். இனுயிற் பிள்ளைகளிடையே நடுக்காது அழற்சி மிகப் பரவலாகக் காணப்படுகின்றது. அது நாட்பட்டுச் செவிப்புலனைக் குறைத்துவிடும். ஆசிரியரின் பேச்சிற் பாதியைக் கேளாத பிள்ளை, கவனமற்றதென்றும் மந்தமென்றும் தவறாக எண்ணப்படுதல் எளிது. வீட்டுத் தட்டுப்பாடோ சொல்லுந்தரமன்று. சிறு வீட்டிற் பலர் நெருங்கி வாழ்வதால் நோயும் பரவுகின்றது, உறக்கமும் குறைகின்றது, வீட்டிலிருந்து படித்தற்கு இடமும் இல்லை. இவையனைத்தும் காலையில் வகுப்பறைக்குள் வந்து சேர்கின்றன. எனவே உதவியாளர் வேண்டும் என்ற குரல் எல்லாப் பாடசாலைகளிலுமிருந்து எழுதல் இயல்பே.

ஆயினும் தேவை வேறு, பதவி வேறு. ஒரு பாடசாலையில் எத்தனை உதவியாளர் இருக்கலாம் என்பதைப் பிள்ளைகளின் குறைபாடு மாத்திரம் நிர்ணயிப்பதில்லை. வரவு செலவுத் திட்டமும் நிர்ணயிக்கின்றது. ஆள்புல அரசு ஒதுக்கும் பதவிகள் போதாவிடத்து, இனுயிற் பிள்ளைகளுக்கு முதலிடம் அளிக்கும் நோக்குடன் கூட்டரசாங்கம் அண்மை ஆண்டுகளில் ஏற்படுத்திய நிதியுதவி பல ஊர்களிற் கைகொடுத்திருக்கின்றது. அந்நிதியோ சட்டத்தினால் நிலைபெற்றதன்று. கால எல்லை இட்டு நீட்டப்படுவது. அதனை நம்பி நியமிக்கப்பட்டவரின் வேலையும் அத்தகையதே. அன்றியும் நுனாவுற் அரச சேவையிலே பல பதவிகள் நிரந்தரமாக நிரப்பப்படாது கிடக்க, அமைய ஊழியரைக் கொண்டு அலுவல் நடத்தும் வழக்கம் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. பாடசாலை ஆண்டு முடிய உதவியாளரின் ஊதியமும் நின்றுவிடுதலால், பத்து மாத வருவாயைக் கொண்டு பன்னிரண்டு மாதம் வாழவேண்டிய நிலைமையும் உண்டு. தெற்கேயிருந்து விமானத்தில் வரும் உணவுப் பொருள்களின் விலையை அறிந்தார்க்கு இதன் கடுமை விளங்கும். வடபகுதிப் படி என ஒரு கொடுப்பனவு ஊருக்கு ஊர் வேறுபடும் அளவில் வழங்கப்படுகின்றது. எனினும் கடைக்குச் சென்று மீளுமுன் அப்படி கரைந்துவிடும்.

இனி, இத்தொழிலின் உயிர்நாடியாகிய மொழியைப் பற்றிக் கூறுவாம். இனுயிற் மொழி இனுக்ரிருற் எனப்படும்; மேற்கிலே சில ஊர்களில் வழங்கும் கிளைவழக்கு இனுயினாக்ருன் எனப்படும். இன்றும் நுனாவுற் மக்களிற் பாதிக்கு மேற்பட்டோருக்கு இதுவே தாய்மொழி. ஆனால் ஆசிரியருட் பெரும்பாலோர் தென்மாகாணங்களிலிருந்து வரும் ஆங்கிலம் பேசுவோர். அவருட் பலர் ஓரிரண்டு ஆண்டு பணியாற்றிய பின் ஊர் திரும்பிவிடுகின்றனர். அவர்களைக் குறைகூறுதல் நியாயமன்று. இருளும் குளிரும் தனிமையும் எல்லோர்க்கும் ஒவ்வுவன அல்ல. இவ்வாறு ஆசிரியர் ஆண்டுதோறும் மாறிக்கொண்டிருக்க, மாறாது நிற்பவர் அவ்வூரிலே பிறந்து வளர்ந்த உதவியாளரே. பிள்ளையின் தாயையும் பாட்டியையும் அறிந்தவர் அவர். பிள்ளையின் மொழியிற் பேசுபவர் அவர். சென்ற ஆண்டு எம்முறை பயனளித்தது, எது பயனற்றது என்பதை நினைவில் வைத்திருப்பவரும் அவரே. புதிதாக வந்த ஆசிரியர் அவரிடமிருந்தே பலவற்றைக் கற்றுக்கொள்கின்றார். பதவிப் பெயரில் உதவியாளர். உண்மையிற் பாடசாலையின் நினைவாற்றல் என்று சொன்னாலும் மிகையாகாது.

செவிப்புலனற்ற பிள்ளைகளின் நிலையை நோக்கின் இது மேலும் தெளிவாகும். இனுயிற் மக்களுக்கெனத் தொன்றுதொட்டு வந்த சைகை மொழியொன்று உண்டு. வேட்டை நிலத்திலும் வீட்டிலும், செவிப்புலன் உள்ளவரும் இல்லாதவரும் ஒருங்கே வழங்கிய மொழி அது. பிற்காலத்திலே செவிப்புலனற்ற பிள்ளைகள் தெற்கேயுள்ள பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். அங்கு அவர்கள் கற்றது அமெரிக்கச் சைகை மொழி. ஊர் மீண்டபோது தாய் தந்தையரோடு உரையாட மொழியின்றி நின்றவர் பலர். இன்று இனுயிற் சைகை மொழியைக் கையாள்வோர் மிகச் சிலரே. அதனை அறிந்த ஓர் உதவியாளர் கிடைப்பாராயின் அவருடைய பெறுமதியை எச்சான்றிதழாலும் அளக்க முடியாது. சம்பளத் திட்டமோ அதனை அளக்க முயல்வதுமில்லை.

இங்கே தான் நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினா கூர்மையடைகின்றது. நில உடன்படிக்கையின் 23-ஆம் உறுப்புரை, சனத்தொகையில் இனுயிற் மக்கள் பெற்றுள்ள விகிதத்துக்கு ஏற்ப அரச சேவையின் எல்லாப் படிகளிலும் அவர்கள் இடம்பெற வேண்டும் என்று விதிக்கின்றது. நடைமுறையில் அரச ஊழியருள் இனுயிற் மக்கள் பாதியளவினரே. அவர்களும் எழுதுவினை, உதவிப்பணி முதலாய கீழ்ப்படிகளிலே செறிந்திருக்கின்றனர். உதவியாளர் பதவி அத்தகைய படிகளுள் ஒன்று. நுனாவுற் இனுயிற் மக்களுக்கு நியமனத்தில் முன்னுரிமை உண்டாதலாலும், உயர்தரச் சான்றிதழ்க்கு ஈடாக அனுபவமும் ஏற்றுக்கொள்ளப்படுதலாலும், ஊரிலுள்ள இளம்பெண்ணொருத்தி இப்பதவியிற் புகுதல் கடினமன்று. அதிலிருந்து மேலே செல்லுதலே கடினம்.

ஏணி ஒருபோதும் இருந்ததில்லை என்று எண்ணற்க. இரண்டாம் உலக யுத்தத்தின் பின் கூட்டரசாங்கம் வடபுலத்திற் பாடசாலைகளைத் திறந்தபோது, ஆங்கிலம் அறியாத பிள்ளைகளுக்கும் இனுக்ரிருற் அறியாத ஆசிரியர்க்கும் இடையே நிற்க இனுயிற் வகுப்பறை உதவியாளர் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். 1968-ஆம் ஆண்டில் வடமேற்கு ஆள்புலத்தில் ஆசிரியப் பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. 1979-ஆம் ஆண்டில், அப்போது புரொபிஷர் பே என வழங்கிய இக்கலுயிற்றிலேயே கீழ்த்திசைக்கெனத் தனிப் பயிற்சித் திட்டம் ஏற்பட்டது. அதுவே இன்று நுனாவுற் ஆசிரிய கல்வித் திட்டமாக நுனாவுற் ஆக்டிக் கல்லூரியில் நடைபெறுகின்றது. முதல் தலைமுறை இனுயிற் ஆசிரியருட் பலர் வகுப்பறை உதவியாளராய்த் தொடங்கியவரே. அக்காலத்தில் உதவியாளர் பதவி ஆசிரியத்துக்குப் படியாகக் கருதப்பட்டது.

இப்போது அப்படி ஏன் தேய்ந்தது? ஆசிரியராதற்குப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும். அதற்கு நான்கு அல்லது ஐந்து ஆண்டு முழுநேரப் படிப்பு வேண்டும். கல்லூரியின் பெரிய வளாகங்கள் இக்கலுயிற், ராங்கின் இன்லெற், கேம்பிறிட்ஜ் பே ஆகிய மூன்று இடங்களிலேயே உள்ளன. சிறு ஊர்களிலும் ஆசிரியப் பயிற்சி முறைமாறி முறைமாறி நடத்தப்படுகின்றதாயினும், தன் ஊருக்கு முறை வரும் ஆண்டுவரை ஒருவர் காத்திருக்க வேண்டும். குழந்தைகளையுடைய தாயொருத்தி, கிடைத்த வேலையையும் வீட்டையும் விட்டு, உதவிப்பணத்தை நம்பி வேற்றூருக்குச் சென்று படித்தல் எளிய காரியமா? மேலும் உதவியாளராய் ஆற்றிய ஆண்டுகள் பட்டப்படிப்பிலே எவ்வளவுக்குக் கணிக்கப்படும் என்பதும் அவருக்குத் தெளிவாகச் சொல்லப்பட வேண்டியதொன்று. பத்தாண்டு வகுப்பறையில் நின்றவரும், உயர்தர வகுப்பை நேற்று முடித்தவரும் ஒரே வாயிலில் ஒரே வரிசையில் நிற்க நேரின், முன்னவர் திரும்பிப் போவதில் வியப்பில்லை.

இதனாற் கெடுவது உதவியாளரின் வாழ்வு மாத்திரமன்று. 2008-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் 2019-20-ஆம் கல்வியாண்டுக்குள் எல்லா வகுப்புக்களிலும் இருமொழிக் கல்வியை நிலைநாட்ட எண்ணியது. இருமொழி அறிந்த ஆசிரியர் போதாமையால் அது கைகூடாதென்பதைக் கனடாவின் கணக்காய்வாளர் தலைமையதிபதி 2013-ஆம் ஆண்டு அறிக்கையிலே எடுத்துக்காட்டினார். 2020-ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, மேல்வகுப்புக்களுக்கான கால எல்லை படிப்படியாக 2039 வரை தள்ளப்பட்டது. அடுத்த ஆண்டு, 2021-இல், இனுயிற் மக்களின் உரிமைப் பிரதிநிதி நிறுவனமாகிய நுனாவுற் துங்காவிக், தங்கள் மொழியிற் கல்வி வழங்காமை பாரபட்சமாகும் என்று ஆள்புல அரசின்மீது வழக்குத் தொடுத்தது. இனுக்ரிருற் பேசும் ஆசிரியரை எங்கே தேடுவது என்று அரசு கேட்கின்றது. அம்மொழியைப் பேசிக்கொண்டு அவ்வகுப்பறைகளிலேயே பலர் ஏற்கெனவே நிற்கின்றனர். பிள்ளையின் அருகே, தாழ்ந்த நாற்காலியில் அமர்ந்திருப்பதால் அவர்கள் கண்ணிற் படவில்லை போலும்.

பொருளில்லை என்று கூறவும் இடமில்லை. உடன்படிக்கை முறையாக நிறைவேற்றப்படவில்லை என்று அதே நிறுவனம் 2006-ஆம் ஆண்டிற் கூட்டரசாங்கத்தின்மீது தொடுத்த வழக்கு, 2015-ஆம் ஆண்டில் 25 கோடியே 55 இலட்சம் டொலருக்குச் சமாதானமாயிற்று. அதில் 17 கோடியே 50 இலட்சம் டொலர் இனுயிற் மக்களின் தொழிற்பயிற்சிக்கென ஒதுக்கப்பட்டது. விசேட கல்வி உதவியாளர், வேலையை விடாதும் சம்பளம் இழவாதும், கோடை விடுமுறையிலும் மாலை வேளையிலும் பயின்று ஓராண்டுச் சான்றிதழ் பெறவும், அச்சான்றிதழ் பட்டப்படிப்பின் முதற்பகுதியாகக் கணிக்கப்படவும் வழி செய்தல் அத்தகைய நிதிக்கு அப்பாற்பட்டதன்று என்பது எம் கருத்து. விசேட கல்வியிற் சிறந்த ஆசிரியர், பல ஆண்டு ஒரு பிள்ளையின் அருகில் அமர்ந்து பழகியவரிலிருந்தே உருவாதல் கூடும் என்பதை ஆசிரியத் தொழிலிலுள்ளோர் மறுக்கமாட்டார்.

கனடாவிலுள்ள நம்மவர் சிலர், கல்லூரியிற் கல்வி உதவியாளர் பயிற்சி பெற்று, தெற்கே நிரந்தர இடம் கிடையாமையால் வடபுலத்தை நோக்குதலும் கூடும். அவர்களுக்குச் சில கூறுதல் பொருந்தும். ஆசிரியரையும் தாதியரையும் வெளியிலிருந்து அழைப்பது போல உதவியாளரை அழைப்பதில்லை; இப்பதவி பெரும்பாலும் உள்ளூரார்க்கே உரியதாக நிரப்பப்படுகின்றது. அரசின் உத்தியோக வீடும் எல்லாப் பதவிக்கும் இணைக்கப்பட்டிருப்பதில்லை. விளம்பரத்திலே வதிவிடம் வழங்கப்படுமா என்ற வரியை முதலிலும், சம்பள வரியைப் பின்னரும் வாசித்தல் வேண்டும். வீடின்றி அவ்வூர்களில் வாடகைக்கு இடம் தேடிக்கொள்ளலாம் என்று புறப்படுதல் பேதைமை. பிள்ளைகளோடு பணியாற்றுவோர்க்குரிய பொலிஸ் நற்சான்று வேண்டும். அதனைப் பெறச் சில வாரமாதலின் முன்னரே விண்ணப்பித்தல் நன்று. இனுக்ரிருற் அறியாதவர் அதனைக் கற்க முயலுதல் வேண்டும். தமிழெழுத்தைப் போலவே அம்மொழிக்கும் அசைக்கு ஓர் எழுத்தாக அமைந்த வரிவடிவம் உண்டு; எழுத்தைத் திருப்பி எழுதி உயிரொலியை மாற்றும் அம்முறை நம்மவர்க்கு விரைவிற் பிடிபடும். சொற்களோ அத்துணை எளியன அல்ல. ஒரு வசனம் முழுவதும் ஒரே சொல்லாய் நீண்டு கிடக்கும்.

பயிற்சி பெற்றவர்க்கு அங்கே வேறோர் இடமும் உண்டு. ஒவ்வொரு பாடசாலையிலும் விசேட தேவையுடைய பிள்ளைகளின் திட்டங்களை ஒழுங்குசெய்யும் ஆசிரியர் ஒருவர் வேண்டப்படுகின்றார். ஆசிரியத் தராதரமும் விசேட கல்வித் தகைமையும் உடையவர்க்கு அப்பதவியே உரியது. அதற்கு வெளியிலிருந்து ஆள் சேர்க்கும் வழக்கமும் உண்டு. அப்படிச் செல்பவரின் முதற்பணி, அவ்வூர் உதவியாளர் ஏற்கெனவே அறிந்திருப்பவற்றைக் கேட்டு எழுதி வைத்தலாகும். அடுத்த ஆண்டு அவர் அங்கு இல்லாதிருப்பினும் அவ்வேடு இருக்கும்.